சாரத்துக்குப் பயந்தவள்

மட்டக்களப்பில் ஓர் ஆம்பிளை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சாரத்தை அவிழ்த்து உதறிக் கட்டுகிறான் என்று நான் ஒருபோதும் யோசித்ததில்லை. எழும்பியதும் உதறுவான். கிணற்றடிக்குப் போகுமுன் உதறுவான். சாப்பிட்டு எழும்பினால் வயிற்றுக்கு இடம்விட்டு உதறிக் கட்டுவான். யாரோடாவது வாக்குவாதம் வந்தால், சொல்ல ஒன்றும் இல்லாத நேரத்தில், அப்போதும் உதறுவான். ஒரு நாய் எங்கள் வீட்டுக்கு வரும்வரை இதில் யோசிக்க எனக்கு எதுவும் இருக்கவில்லை.

அவளைக் கொண்டுவந்தது மகளின் ஏற்பாடு. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தவள், அமிர்தகழிப் பக்கம் அடிபட்ட நாய்களைத் தன் வளவில் வைத்துப் பார்க்கும் ஒரு பெண்ணைத் தேடிப்பிடித்து, என் மோட்டார் சைக்கிளையும் என்னையும் அங்கே கூட்டிப் போனாள். மண்நிறப் பெட்டை நாய், ஒரு காது பாதி, பின்னங்காலில் ஒரு தழும்பு. கூடைக்குள் வைத்துக்கொண்டு வரும் வழியெல்லாம் ஒரு சத்தம் இல்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போய்ச் சேருவான். நானும் அப்படி ஒரு சூட்கேசோடு களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து இந்த வீட்டுக்கு வந்தவன். முதல் கொஞ்ச நாள் கதவோரமாகவே இருந்தேன். சாப்பாட்டை வைத்துவிட்டு, தின்கிறேனா என்று எல்லோரும் தூரத்தில் நின்று பார்த்தார்கள். தின்றேன், நன்றாகவே தின்றேன். ஆகவே புது வீட்டுக்கு வந்து பழகுவதில் இந்தக் குடும்பத்தில் அனுபவம் உள்ளவன் நான் ஒருவன்தான், நாயை என் பொறுப்பில் விடுங்கள் என்று அறிவித்தேன்.

"ஓம், ஆனா அது உங்களப் போல குரைக்காது," என்றாள் மனைவி.

மறுநாள் காலையே என் பொறுப்பின் இலட்சணம் தெரிந்தது. முற்றத்தில் இறங்கி, சோம்பல் முறித்து, வழக்கம்போல் சாரத்தை அவிழ்த்து விரித்து உதறினேன். படாரென்ற சத்தத்தோடு ஓர் ஓலம். அவள் மோட்டார் சைக்கிளில் மோதி, குசினிக்குள் பாய்ந்து, நெல் மூட்டைகளுக்குப் பின்னால் புகுந்து, இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டாள்.

மனைவி ஓடிவந்தாள். "என்ன செஞ்சீங்க?"

"சாரத்தக் கட்டினன்."

"கட்டினதுக்கா இப்பிடி ஓடுது? அவிழ்ந்து கிவிழ்ந்து போச்சா?"

"இல்லகா! ஒழுங்காத்தான் கட்டினன்."

"என்னத்தக் கண்டிச்சோ பாவம்," என்று சொல்லிவிட்டு அவள் மூட்டைகளை நகர்த்தப் போனாள்.

மகள் அமிர்தகழிக்குத் தொலைபேசி எடுத்து என்னிடம் தந்தாள். அந்தப் பெண் சொன்னார்: "சேர், அத வீச்சுவலை வீசித்தான் புடிச்சவங்க. தோணிக்குள்ள இரிந்த மீனத் திண்டுட்டெண்டு, வலைய மேல விரிச்சுப் போட்டு, சுருட்டி வெச்சி அடிச்சிரிக்காங்க. நான் போகக்குள்ள கிழிஞ்ச வலையோட வாவிக்கரைக் கண்டல் பத்தைக்குள்ள கிடந்திச்சி. மேலால விரிஞ்சு வாற எதக் கண்டாலும் அதுக்கு வலைதான்."

"இத முதல்லயே சொல்லியிரிக்கலாமே."

"நீங்க வீட்டுக்குள்ள வலை வீசுவீங்கெண்டு நான் நினைக்கல்ல சேர்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதுவும் விரியவில்லை. படுக்கை விரிப்பைப் பின்வளவுக்குக் கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் தட்டினார்கள். நுளம்பு வலையை, தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல் மடித்தார்கள். நான் சாரத்தை விட்டுவிட்டு அரைக் காற்சட்டைக்கு மாறினேன். என் கால்களை வெளிச்சத்தில் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "சேர், சுகமில்லையா?" என்று விசாரித்தார். பள்ளிக்கூடத்தில் நான் கணிதம் படிப்பிக்கிறவன். பிள்ளைகள் என் பகிடிகளுக்குச் சிரிப்பது புள்ளிக்குப் பயந்துதான் என்று தெரியும். அந்தக் காற்சட்டையில் ஒருநாள் கடைக்குப் போனபோது, அவர்கள் உண்மையாகச் சிரிப்பது எப்படி இருக்கும் என்று பார்த்தேன்.

ஆனால் பலன் இருந்தது. அவளுக்கு வீட்டில் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தோம், அவள் எதற்கும் திரும்பவில்லை. சோற்றுக்கு மட்டும் திரும்பினாள். முதலில் நாங்கள் போனபிறகு தின்றாள். பிறகு நாங்கள் நிற்கும்போதே தின்றாள். அதற்கும் பிறகு என் கையிலிருந்து தின்றாள். அப்போது அவளுடைய உடம்பு முற்றத்தில் நிற்கும், கழுத்து மட்டும் நீண்டு என்னிடம் வரும். ஒரு பின்னேரம் நான் விறாந்தையில் இருந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, என் பாதத்தின்மேல் ஏதோ சூடாக வந்து அமர்ந்தது. அவளுடைய நாடி. நான் அசையவில்லை. கால் விறைத்தது, மூத்திரம் முட்டியது, தேநீர் ஆறி ஆடை கட்டியது. அந்தக் கட்டுத் தாள்களில் எல்லோருக்கும் கொஞ்சம் கூடவே புள்ளி விழுந்தது.

அதோடு நின்றிருக்கலாம். நான் ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். மச்சானிடமும் சொன்னேன்.

மச்சான் என்பது மனைவியின் அண்ணன். வாவிக்கு அந்தப் பக்கம் வட்டையில் நெல் விதைக்கிறவர். மச்சானும் மச்சானும் ஒருவரையொருவர் பகிடி பண்ணாவிட்டால் எங்கள் ஊரில் ஏதோ காணிப் பிரச்சினை என்று நினைத்துவிடுவார்கள். ஆகவே நாங்கள் இருவரும் ஊரின் நிம்மதிக்காக விடாமல் பாடுபட்டு வருகிறோம். அறுவடை முடிந்து ஒரு விடுமுறை நாள், தன் கூட்டாளிகள் சிலரோடு வந்தார். வந்ததும் என் காற்சட்டையைப் பார்த்தார்.

"என்ன மச்சான், தங்கச்சி சாரமும் வாங்கித் தாறல்லயா?"

நான் வலைக் கதையைச் சொன்னேன். அவர் கூட்டாளிகளைப் பார்த்தார். "சாரத்துக்குப் பயப்புடுற நாயாம். மட்டக்களப்பில அது எங்க போய் சீவிக்கிற? கேட்டீங்களாடா, இவன் நாய வளக்கல்ல, நாய்தான் இவன வளக்குது."

"உண்மையாத்தான் மச்சான்."

"சும்மா போடா. உன்ட தொடையக் காட்ட ஒரு சாட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் மகளும் உள்ளே சமையலில் இருந்தார்கள். பாதிக் காதுக்காரி விறாந்தைப் படியில், என்னிடமிருந்து கை எட்டும் தூரத்தில் படுத்திருந்தாள். கொடியில் என் பழைய சாரம் காய்ந்துகொண்டிருந்தது. நான் பேசாமல் இருந்தால் அன்று தோற்றவன் நான்தான். ஐம்பது வயதை எட்டிப் பார்க்கும் ஒரு மனிதனுக்கு அது ஒரு பெரிய விஷயமா என்றால், அப்போது பெரிய விஷயமாகத்தான் இருந்தது.

"பாக்கிறீங்களா அப்ப?" என்று சிரித்தபடி எழும்பினேன். சாரத்தை எடுத்து, இரண்டு கையாலும் விரித்து, வலை வீசுகிறவன் போலவே இடுப்பை வளைத்து உதறினேன். நடிப்பு என்று வந்துவிட்டால் எனக்குக் குறை வைக்கத் தெரியாது.

அவள் ஓடும்முன் ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மதிலில் மோதி, பாதி திறந்திருந்த கேற்றில் முதுகு உரசி, வீதிக்குப் போய்விட்டாள். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். குசினி வாசலில் மகள் அகப்பையோடு நிற்பதைக் கண்டபோது பாதிச் சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது.

மகள் அகப்பையை வாசற்படியில் வைத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

நாங்கள் எல்லோரும் தேடினோம். மச்சானின் கூட்டாளிகளும் தேடினார்கள். நான் வாவிக்கரையோரம் அத்தனை பெயரையும் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போனேன். கரைக்குச் சற்றுத் தள்ளி இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தார்கள். வலை ஆகாயத்தில் விரிந்து விழுவதை நின்று பார்த்தேன். எனக்கே ஒருமாதிரி இருந்தது. இந்தக் கரைக்கு அவள் ஒருநாளும் வரமாட்டாள் என்று அப்போதுதான் மூளைக்கு எட்டியது. கணித வாத்தியார்.

பொழுது படும் நேரம் மகள்தான் கண்டுபிடித்தாள். பிரதான வீதிக்குக் கீழே ஒரு மதகுக்குள், சேற்றில் கிடந்தாள். நான் குனிந்து கூப்பிட்டேன். அவள் இன்னும் உள்ளே நகர்ந்தாள்.

"அப்பா, நீங்க கொஞ்சம் தள்ளிப் போங்க," என்றாள் மகள்.

தள்ளிப் போனேன்.

"இன்னும்."

வீதியின் மறுபக்கம் போய், ஒரு பூட்டிய கடையின் முன்னால் நின்றேன். மகள் சேற்றில் குந்திக் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து அந்தப் பாதிக் காது வெளியே வந்தது. மச்சான் என் பக்கத்தில் வந்து நின்றார். "நான்தானே மச்சான் ஏத்திவிட்ட," என்றார். அது என் பாரத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. அவர் சாரத்தை உதறச் சொல்லவில்லையே.

வீட்டுக்கு வந்துவிட்டாள், தின்கிறாள், மகளின் கட்டிலுக்குக் கீழே தூங்குகிறாள். நான் இன்னும் காற்சட்டையோடுதான் திரிகிறேன். ஆனால் அது போதவில்லை. ஓர் இரவு தொலைக்காட்சியில் எதையோ பார்த்துச் சிரித்தேன். பாயில் கிடந்தவள் விருட்டென்று எழும்பி வெளியே போனாள். இன்னொரு நாள் தொலைபேசியில் சிரித்தேன், போய்விட்டாள். விரிந்து வருவதெல்லாம் அவளுக்கு முன்பு வலையாக இருந்தது. இப்போது என் சிரிப்பும் அதில் சேர்ந்துவிட்டது. நான் சிரித்தால் அடுத்தது என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"அது உங்கட சிரிப்புக்குத்தான் ஓடுது," என்றாள் மனைவி. அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

சிரிப்பு வந்தால் நான் இப்போது கேற்றடிக்குப் போய்விடுகிறேன். மச்சான் வரும்போது, வெயிலோ மழையோ, கலியாண வீட்டுக்குப் போகிறவர் போல் நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பையில் மணலை என்னும் வாவி மீனோடு வருகிறார். பகிடி விடுவதில்லை. நாங்கள் இருவரும் மரண வீட்டில் இருப்பவர்கள்போல் நெல் விலை பேசுகிறோம்.

அமிர்தகழிப் பெண் ஒரு வழி சொன்னார். பின்னேரங்களில் முற்றத்தில் நிலத்தில் இருந்து, கைகளை அவளுக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டு, சின்னதாக ஒரு சிரிப்புச் சிரித்து, உடனே ஒரு மீன் துண்டை முன்னால் வைக்கிறேன். மறுபடி ஒரு சிரிப்பு, ஒரு துண்டு. சிரிக்க ஒன்றும் இல்லாமல் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று என் மாணவர்களிடம்தான் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் பார்த்துவிட்டு, மனைவியிடம் தனியாக, "சேர் மருந்து எடுக்கிறாரா?" என்று கேட்டாராம்.

நேற்று அவள் ஓடவில்லை. நான் சிரித்ததும் எழும்பி நின்றாள், காது பின்னால் போனது. முதலில் என் கைகளைப் பார்த்தாள். ஒன்றை நன்றாகப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்த்தாள். அவள் பார்க்கத்தான் வேண்டும். பிறகு மெதுவாக வந்து மீனைக் கவ்வி, அதை என் முன்னால் தின்னாமல், மகளின் அறை வாசலுக்குக் கொண்டுபோய்த் தின்றாள். நான் கைகளை மடியில் வைத்தபடி, அவள் தின்று முடியும்வரை அப்படியே இருந்தேன்.