இரண்டு கையால் கொடுத்த துப்பாக்கி

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். அதில் இரண்டு என் நாத்தனார் பெற்றவை. ஆனால் தெருவில் யாரைக் கேட்டாலும் ஐந்தும் என்னுடையவை என்றுதான் சொல்வார்கள். என் எழுத்து எனக்கே விளங்காது என்பதால், நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அவள் ரைபிள் சுடப் பழகுகிறாள். லைசென்ஸ் வாங்க முதலில் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றிதழ் வேண்டுமாம். என்னவோ புதுச் செய்தி போல வந்து சொன்னாள். அந்தப் பயிற்சியை என் ஒன்பது வயதிலேயே ஒருவருக்குக் கொடுத்தவள் நான்.

அப்போது காக்ஸ் டவுனில் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். அப்பா சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் மூட்டை தூக்கினார். முதுகு போய்விட்டது. காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்வார். பக்கத்து நகைக்கடைக்காரர், துப்பாக்கியோடு வாசலில் இருக்க ஓர் ஆள் தேடினார். ஸ்டூலில் உட்காரும் வேலை. அம்மாவுக்கு அது கடவுளே கொடுத்த வேலையாகத் தெரிந்தது. ஆனால் அதற்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்சுக்கு மைதானத்தில் சில நாள் பயிற்சி, முடிவில் ஓர் அதிகாரி முன்னால் பரீட்சை.

அப்பா தினமும் கற்றதை வீட்டில் குடையை வைத்துச் செய்து பார்ப்பார். டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும் நான்தான் அதிகாரி. குழல் எப்போதும் தரையைப் பார்க்க வேண்டும். விசையில் விரல் படக்கூடாது. குண்டு இல்லை என்று தெரிந்தாலும் இருப்பதாகவே நினைக்க வேண்டும். துப்பாக்கியை மடித்துத் திறந்து, உள்ளே பார்த்து, அதன் பிறகுதான் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். எல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. குடையின் முனையைத் தரைக்குச் சாய்த்து, ஒரு கையால் நீட்டினார்.

"பெரியவங்களுக்கு ஒத்தக் கையால குடுப்பாங்களாப்பா? நான் குடுத்தா அம்மா அடிக்கிறாங்க இல்ல?"

"அங்க இப்படித்தான் பாப்பா சொல்லிக் குடுத்தாங்க."

"அதிகாரிப்பா அவரு. கோச்சுக்குவாரு. ரெண்டு கையால குடுங்க."

அப்பா குடையை இரண்டு உள்ளங்கையிலும் படுக்கவைத்து, லேசாகக் குனிந்து நீட்டினார். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "அப்பனும் மகளும் துப்பாக்கி குடுக்கறீங்களா, தாம்பூலம் குடுக்கறீங்களா?"

நான் விடவில்லை. பத்துத் தடவை செய்ய வைத்தேன்.

பரீட்சை அன்று துணைக்கு மாமா போனார். சாயங்காலம் அப்பா வெறுங்கையோடு வந்து, "கண்ணு சரியில்லன்னு சொல்லிட்டாங்க," என்றார். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நகைக்கடைக்காரர் காத்திருக்கவில்லை, அந்த வாரமே வேறு ஆளை வைத்துக்கொண்டார்.

அம்மா விடுவாளா? அப்பாவைச் சிவாஜிநகர் நடைபாதைக் கடைக்கு இழுத்துப்போய் ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டே அப்பா இன்னும் பதினோரு வருஷம் மூட்டை தூக்கினார். இராத்திரிச் சாப்பாடு ஆனதும் குப்புறப் படுப்பார். நான் முதுகில் ஏறி மிதிப்பேன். ஊசியில் நூல் கோக்கும்போது மட்டும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுவார். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

நடந்ததை மாமா என்னிடம் சொன்னது, அப்பா போய்ப் பல வருஷம் கழித்து. மடித்துத் திறக்கும்வரை அப்பா ஒரு தவறும் செய்யவில்லையாம். கொடுக்கும் நேரத்தில் இரண்டு கையிலும் படுக்கவைத்து, குனிந்து நீட்டியிருக்கிறார். குழல் நேராகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவின் நெஞ்சைப் பார்த்திருக்கிறது. போதும், போகலாம் என்று அதிகாரி கன்னடத்தில் சொல்லிவிட்டார். வரும் வழியில் அப்பா மாமாவிடம் கேட்டது ஒன்றுதான்: "பாப்பாவுக்குத் தெரிய வேணாம் மச்சான்."

எனக்கும் தெரியவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும் பெண்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். எங்கப்பாவுக்கு நான்தான் டிரெயினிங் குடுத்தேன், கண்ணு மட்டும் நல்லா இருந்திருந்தா இந்நேரம் துப்பாக்கியோட உட்கார்ந்திருப்பாரு என்பேன். ஒருநாள் அப்பா மூட்டை தூக்கிய அலுப்போடு அந்த வழியாக வந்தார். "நிசமாண்ணே?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆமாம்மா. பாப்பா நல்லாத்தான் சொல்லிக் குடுத்தா," என்று சொல்லிவிட்டு, என் குடத்தை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்.

எழுதிட்டியாடி? எங்கே, முதல்லேர்ந்து படி. அப்பா பேசற இடம் வந்தா மெதுவாப் படி.