விழ மறுத்த எரிகோ

வேதப்பாடத்தைக் கைவேலையாகச் சொல்லித்தருகிறவளுக்கு வேதம் பாதி தெரிந்தால் போதும், ஈரமண் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அது நேர்மாறாக இருந்தது. ஐம்பதுகளின் கடைசியில், கல்லூரிப் படிப்பு முடிந்த கையோடு, திண்டிவனத்தில் ஓய்வுநாள் பள்ளியின் சின்ன வகுப்பு எனக்கு வந்தது. இருபது பிள்ளைகள், ஒரு கிண்ணம் பசை. அப்படி ஒரு அறைக்குள் நின்று பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்.

நோவாவின் மிருகங்கள்

மல்லாட்டை, அதாவது நிலக்கடலையின் தோலில் ஈர்க்குச்சிக் கால் செருகி, சோடி சோடியாக மிருகங்கள் செய்யச் சொன்னேன். மழை தொடங்குமுன்பே பருப்பெல்லாம் காலி. அடுத்த ஆராதனையில், மௌன ஜெப வேளையில், எங்கள் போதகர் ஐயர் பீடத்தை நோக்கி நடக்க, வகுப்பு முடிந்து தரையில் சிதறிக் கிடந்த யானையும் ஒட்டகமும் காலடியில் மொறுமொறுவென்று நொறுங்கின. தின்றவனை விசாரித்தேன். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "தோலுதானே டீச்சர் மிருகம்? உள்ள இருந்தது யாருக்கு?"

ஐயர் வைத்த கெடு

ஐயர் கோபக்காரராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மெதுவாகத்தான் சொன்னார், பிள்ளைகள் வசனம் மனப்பாடம் செய்தால் போதும் என்று. கை படித்தது மறக்காது என்றேன். வாரத்தில் அந்த ஒரு மணி நேர வகுப்பைத் தவிர என்னுடையது என்று சொல்ல அப்போது என்னிடம் வேறொன்றும் இல்லை. ஐயர் சொன்னார்: "சரிம்மா, வர்ற பிள்ளைகள் ஞாயிறு ஆராதனையில, சபை முன்னால ஒரு பாடம் செஞ்சு காட்டுங்க. நல்லா வந்தா நடக்கட்டும். இல்லன்னா அதோட இந்த மண்ணு, பசை எல்லாத்தையும் நிறுத்திடுங்க."

எரிகோவின் மதில்

எரிகோவைத் தேர்ந்தெடுத்தேன். யோசுவாவின் ஜனங்கள் ஏழு முறை சுற்றிவந்து, எக்காளம் ஊதி ஆர்ப்பரிக்க, மதில் இடிந்து விழுகிற பாடம். முன்பு ஒரு விடுமுறையில் விழுப்புரத்தில் தீப்பெட்டிகளால் கட்டிய எரிகோ, யோசுவா வந்து சேருமுன்பே ஒரு பிள்ளையின் தும்மலில் விழுந்திருந்தது. அதனால் இந்த முறை ஆலயத்தின் பின்புறம் மண்சுவர், இடுப்பளவு. அற்புதத்துக்குக் கொஞ்சம் ஒத்தாசையாக அடியில் ஒரு கயிற்றையும் புதைத்தேன். முதல் வரிசை வைத்த அன்றே எனக்குக் காய்ச்சல். மீதியைப் பிள்ளைகளே கட்டும்படி ஆகிவிட்டது.

சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். சாணம் மெழுகி, ஓரம் திருத்தி, வெயிலில் இறுகிக் கிடந்தது எரிகோ. விக்கிரவாண்டிப் பக்கத்து விவசாயி மகள் அஞ்சலை, ஒன்பது வயது, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "வைக்கோலு வெட்டிப் போட்டு, மிதிச்சிக்கினே இருந்தோம் டீச்சர். எங்க வூட்டுச் செவுரு மாதிரிதான். மூணு மழைக்கு அசையாது!"

ஏழாவது சுற்று

பூவரச இலைப் பீப்பீதான் எக்காளம். பிள்ளைகள் அதை ஊதிக்கொண்டே ஏழு சுற்றும் சுற்றினார்கள், ஆர்ப்பரித்தார்கள். மதிலிலிருந்து ஒரு பொட்டு மண் உதிரவில்லை. நான் கயிற்றை இழுத்தேன். பாதிக் கயிறு கையோடு வந்தது. சபை முழுவதும் சிரித்தது. என் வகுப்பு முடிந்துபோனது என்று நினைத்தேன்.

ஐயர் எழுந்து, எல்லாரிலும் சிறியவனிடம் குனிந்து, எத்தனை சுற்று என்று கேட்டார். "ஏழு, ஐயா. காலு வலிக்குது." அடுத்து அஞ்சலையிடம், மதில் ஏன் விழவில்லை என்று கேட்டார். அவள் கொஞ்சமும் அசரவில்லை. "எரிகோக்காரங்க வைக்கோலு போட்டிருக்க மாட்டாங்க, ஐயா. நாங்க போட்டோம்." ஐயர் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். தோளையும் கொடுத்துப் பார்த்தார். பிறகு அங்கியில் ஒட்டிய மண்ணைத் தட்டியபடி என்னிடம் வந்தார். "வகுப்பு நடக்கட்டும்மா. ஆனா இனிமே இடிக்கிற பாடம் வேணாம், கட்டுற பாடமா பாத்து எடுங்க."

பல வருஷம் கழித்து அந்தச் சுவரை இடிக்க இரண்டு ஆட்களும் ஒரு கடப்பாரையும் ஒரு முழுப் பகலும் தேவைப்பட்டன. அன்று யாரும் எக்காளம் ஊதவில்லை.