படத்துக்கு ஒதுக்கிய கால் பங்கு

கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலையில் இயந்திரத்தைச் சமாளிப்பதைவிட மனிதர்களுக்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாடு. அதில் மாட்டிய உங்களுக்கு என் குழப்பம் புரியும்.

ஒன்றுமில்லாத இடம்

எழுபதுகளின் கடைசியில் காரைக்குடிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தேன். அறையை அடைத்துக்கொண்டு நின்ற கம்ப்யூட்டருக்கு நினைவகம் என்னவோ துக்கடாதான். அதில் கால் பங்கைப் படத்துக்கென்று ஒதுக்கினால்தான் இயந்திரத்தோடு இணைத்த, காகிதத்தில் வரைகிற பேனா தடங்கலில்லாமல் ஓடும். அப்படி ஒதுக்கச் சொல்லும் கட்டளையைத் துளைகளாகப் போட்ட அட்டையைத் தினமும் இயந்திரத்துக்குள் போகும் அட்டைக் கட்டின் மேல் வைப்பது என் வேலை. ஆண்டு விழாவில் இயந்திரம் கல்லூரிக் கட்டடத்தை வரைந்து காட்டினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்கு என்று தாளாளர் சொல்லிவிட்டார்.

ஒதுக்கிய இடம் உள்ளே எந்த மூலையில் இருக்கிறது என்று சத்தியமாக எனக்கே தெரியாது. கணிதப் பேராசிரியர் கண்டரமாணிக்கத்துக்காரர். அவருடைய பெரிய கணக்கு மீதி இடத்தில் அடங்கவில்லை. படம் வரையாதபோது அங்கே என்ன இருக்கும் என்று கேட்டார். ஒன்றும் இருக்காது என்றேன்.

"ஒண்ணுமே இல்லாத எடத்தை வச்சுக்கிட்டா எனக்கு எடமில்லங்கிறீக?"

டவுன் பஸ் விளக்கம்

அரியக்குடி பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதில்லையா, அது மாதிரி என்று விளக்கினேன். இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட. அவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டார்.

"துண்டு போட்ட ஆளு வரலேன்னா, எடுத்துட்டு உக்கார வேண்டியதுதான?"

பினாங்கு அறை

விழா அன்று தாளாளரும் அவர் மனைவி ஆச்சியும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பேனா ஒரு கோடு போட்டது, நின்றது. நின்ற இடத்தில் மை ஊறியது. வாசல் தூண் வருவதற்குள் காகிதமெல்லாம் பொட்டு. ஓடிப்போய் அட்டைக் கட்டைப் பார்த்தால் மேலே நான் வைத்த அட்டை இல்லை. அன்று மத்தியானம் நான் சாப்பிடப் போனபோது அதை உருவித் தம் கணக்கைப் போட்டது தாம்தான் என்றும், சும்மா கிடந்த இடம்தானே என்றும் பேராசிரியர் கூசாமல் சொன்னார். தாளாளர் என்னையே பார்த்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன். ஆச்சிதான் பேராசிரியரிடம் வாய் திறந்தார்.

"எங்க வீட்டுல பினாங்குக்குப் போயிட்ட பங்காளிக அறை முப்பது வருசமாப் பூட்டிக் கெடக்கு. விசேசத்துக்கு வந்தவுக முத்தத்துல படுத்தாலும் அதைத் தொறக்கிறதில்ல. அடுத்தவுக பங்கை நீங்க எப்படித் தொட்டீக?"

ஆச்சியே சொன்ன பிறகு தாளாளர் என் வேலையை நிரந்தரமாக்கினார். ஆனால் அந்தப் பேனாவே பழுதாகி மூலைக்குப் போன பிறகும் கால் பங்கை யாருக்கும் கொடுக்காமல் எதற்காகப் பூட்டி வைத்திருந்தேன் என்பது மட்டும் இன்று வரை எனக்கு விளங்கவில்லை.