கண் வரையாத படம்

படத்தில் தப்பாகப் போட்ட கரிக்கோட்டை ரொட்டியால் அழிக்கிறார்கள். இத்தனை வருஷமாகப் பாரிசில் ரொட்டி தின்கிற எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தது என் சொந்த ஊர்ப் புதுச்சேரிதான். ஓவிய வகுப்பு எடுக்கும் வெள்ளைக்கார மதாம் ரொட்டியின் உள்சதையைப் பிய்த்து உருட்டிக் கொடுத்தபோது, அடக் கடவுளே, தின்கிற பண்டத்தை இப்படியா என்று மனசு பதறியது.

அம்மா கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். சாயங்காலம் மட்டும்தான் உள்ளே விடுவார்கள். "பகலெல்லாம் அழுதுகினே இருக்காதக்கா, எங்கனா போய்ட்டு வா" என்று தம்பி விரட்டியதால்தான் கடற்கரைப் பக்கம் அந்த ஓவிய வகுப்பில் சேர்ந்தேன். அம்மாவைத்தான் வரைந்தேன். கரியில் முகம், சிவப்புப் பேஸ்டல் குச்சியில் பொட்டு. கண்ணை மட்டும் விட்டுவைத்தேன். கோயில் சிலைக்குக் கடைசியில்தானே கண் திறப்பார்கள்? அம்மா கண் திறக்கிற அன்றைக்குத்தான் இதற்கும் என்று வேண்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை விமானம். லீவை ஏற்கெனவே நீட்டியாயிற்று, இனி நீட்டினால் வேலை போய்விடும். அதற்குள் அம்மா ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டால் போதும்.

"கண் கடைசியில்தான்" என்று மதாமிடம் பிரெஞ்சில் சொன்னேன். "ஆமாம், கண் எல்லோருக்குமே கஷ்டம்" என்று தோளைத் தட்டினார்.

சனிக்கிழமை கை கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன், அம்மா முகத்தில் மூடிய இமைகள்! மதாம் உதவி செய்திருக்கிறார். "தூங்குகிறார். எவ்வளவு நிம்மதி, பாருங்கள்."

"ஐயையோ, கண்ண மூடிட்டியேடி பாவி!" என்று தமிழில் கத்திவிட்டேன். ரொட்டியை எடுத்துத் தேய்தேயென்று தேய்த்தேன். இமை போயிற்று, கறை போகவில்லை. மதாம் மன்னிப்புக் கேட்டார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை, பாவம்.

அன்று சாயங்காலம் அம்மா காதோரம் குனிந்து, "நான் வந்திருக்கேம்மா, கண்ணத் தொறயேன்" என்று கெஞ்சினேன். இமை அசையவில்லை. மறுநாள் படத்தைத் தம்பியிடம் கொடுத்தேன்.

"அம்மா முழிச்சிக்கிச்சின்னா ஒடனே நீயே கண்ண வரைஞ்சிடு."

"எனக்கு எங்கக்கா வரையத் தெரியும்?"

"ரெண்டு புள்ளி வெச்சாப் போதும்டா."

பாரிசுக்கு வந்து கைப்பையைக் கொட்டினால், கரித்துண்டு உள்ளே கிடக்கிறது! அதை அவனிடம் கொடுக்க மறந்திருக்கிறேன்.

தினமும் போனில் கூப்பிடுகிறான். "அப்டியேதான் இருக்குதுக்கா. கரி இல்லன்னா என்னா, பேனாவால வெச்சிடறேன்." சரியென்று சொல்லாமலே போனை வைத்துவிடுகிறேன். காலையில் ரொட்டியைப் பிய்த்தால் விரல் தானாக உருட்டுகிறது, தின்ன முடியவில்லை. படம் அங்கே, அம்மா தலைமாட்டில். நான் இங்கே கரித்துண்டைப் பொத்திப் பிடித்துக்கொண்டு வேலைக்கு ரயிலேறுகிறேன். இறங்கும்போது உள்ளங்கை கறுத்திருக்கிறது.