பொட்டு வைத்த பேட்டரி

அப்பா பதினைந்து வருஷம் கார் ஓட்டினார். அந்தப் பதினைந்து வருஷமும் அது அடுத்தவர் கார். இந்திராநகரில் ஒரு முதலாளி வீட்டில் டிரைவர் வேலை. காலையில் ஸ்ரீராம்புரத்திலிருந்து பஸ்ஸில் போய், பகலெல்லாம் ஏசி காரில் இருந்துவிட்டு, இரவு பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு திரும்புவார். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அந்த முதலாளி புது வண்டி வாங்கினார். பழையது நிற்க இடமில்லை. நீயே எடுத்துக்கொள் என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

கார் எங்கள் சந்துக்குள் நுழைந்தது கார்த்திகை மாதக் கடைசி நாள். விடிந்தால் மார்கழி. மார்கழியில் புது வண்டியை எடுக்கக் கூடாது. ஊருக்குப் பழைய வண்டிதான், ஆனால் எங்களுக்கு அது புதுசு. அதனால் அன்று சாயங்காலமே அவசர அவசரமாகப் பூஜை நடந்தது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், கண்ணாடியில் சந்தனம், முன்னால் ஒரு முழம் சாமந்தி. அப்பா பானெட்டைத் திறந்துவைத்து, "பாப்பா, உன் கையால உள்ள எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுடு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ரேடியேட்டருக்கு வைத்தேன், ஆயில் மூடிக்கு வைத்தேன். பேட்டரி என்று காட்டிய கறுப்புப் பெட்டிக்கு விசேஷ மரியாதை செய்தேன். அதன் மேல் பக்கம் முழுக்கச் சந்தனத்தை வழித்துப் பூசினேன். இரண்டு முனைகளில் என் கைக்கு எட்டியது ஒன்றுதான். அதன்மேல் குங்குமத்தை அள்ளி அப்பினேன். எட்டாத முனை பொட்டில்லாமல் நின்றது.

சித்தப்பா அப்பாவின் தம்பி. சொந்தமாக ஒரு குட்டி லாரி வைத்துக் காய்கறி லோடு அடிப்பவர். உலகத்தில் இருக்கிற எல்லா வண்டியைப் பற்றியும் அவருக்கு அபிப்பிராயம் உண்டு. அன்று அவர் சொன்னது மட்டும் சரியான அபிப்பிராயம்.

"ணா, ஒரு மாசம் சும்மா நிக்கப் போவுது. பேட்டரி ஒயரைக் கழட்டி வுட்டுடு. இல்லாங்காட்டி டவுன் ஆயிடும்."

"பூஜை போட்டாச்சுடா. பொட்டு வெச்சதுல கை வெக்கக் கூடாது" என்றார் அப்பா.

முதலாளி குடும்பம் வெளிநாடு போனால் வாரம் தவறாமல் போய் வண்டியை ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஓடவிட்டு வருகிற மனிதர் அவர். அப்படிச் செய்யாத டிரைவர்களை வாய் வலிக்கத் திட்டுகிறவர். சொந்தக் கார் என்று வந்ததும் அந்தப் புத்தியெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. சந்தின் கடைசியில், எங்கள் வாசலுக்குப் பக்கத்தில், தண்ணீர்த் தொட்டிச் சுவரை மூக்கு உரச வண்டியை நிறுத்தி, சித்தப்பாவின் நீலத் தார்ப்பாயை இரண்டாக மடித்துப் போர்த்திக் கட்டினார். தை முதல் தேதி, பொங்கல் வைத்த கையோடு எடுப்பதாக முடிவாயிற்று. முதல் பயணம் எங்கே என்பதும் முடிவாயிற்று. தங்கச் சுரங்க ஊரான கேஜிஎஃப், அம்மாவின் பிறந்த வீடு.

அந்த வீட்டை நான் பார்த்ததே இல்லை. அம்மா அப்பாவைக் கட்டிக்கொண்டது அங்கே யாருக்கும் பிடிக்கவில்லை. கல்யாணமான புதிதில் இருவரும் ஆசீர்வாதம் வாங்கப் போனபோது மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், வாசலிலேயே மறித்து, "டிரைவர்னா வண்டி நிக்கிற எடத்துல நிக்கணும்" என்றாராம். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் போக்குவரத்து இல்லை. நடுவில் அம்மாவின் அப்பா இறந்துபோனார். எங்களுக்குச் செய்தி வந்தது பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு. அன்று அம்மா தான் தைக்கிற கார்மென்ட்ஸ் கம்பெனிக்கு லீவு போடாமல் வேலைக்குப் போனாள். அதுதான் எனக்கு நினைவிருக்கிறது.

கார் வந்த செய்தி எப்படியோ கேஜிஎஃப்புக்கு எட்டியது. மாமாவிடமிருந்து போன் வந்தது. பொங்கலுக்கு வாங்க, காரிலேயே வாங்க, மதியச் சாப்பாடு இங்கேதான் என்று. அப்பா அந்தப் போனை எழுந்து நின்று பேசினார். முகமெல்லாம் பல். வைத்த பிறகு, "காருலயே வாங்கன்றாரு" என்று எங்களிடம் இரண்டு தடவை சொன்னார். அம்மா, "சரி" என்றாள். பிறகு உள்ளே போய், காலையில் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவினாள். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மார்கழி முழுக்க எனக்கு ஒரு ரகசியத் தொழில் இருந்தது. கார்ச் சாவி சாமி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கும். பள்ளிக்கூடம் விட்டு நாலு மணிக்கு வந்தால் அம்மா வர ஆறரை ஆகும். சாவியை எடுத்துக்கொண்டு தார்ப்பாய்க்குள் புகுந்து டிரைவர் சீட்டில் ஏறிவிடுவேன். உள்ளே எல்லாம் நீலமாக இருக்கும். ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி கேஜிஎஃப்புக்கு ஓட்டுவேன். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் லைட் சுவிட்ச் ஒரு குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் திருகினால் சாவி போடாமலே விளக்கு எரியும், முன்னால் சுவர் பளிச்சென்று ஆகும். போகி அன்று காலைகூட ஒரு நடை போய் வந்தேன்.

பொங்கல் விடிந்தது. புதுச் சட்டை, வாசலில் பெரிய கோலம், பானை பொங்கி முடிந்தது. அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். டிரைவர் வேலைக்கும் வெள்ளைச் சட்டைதான், ஆனால் இதில் முழுக்கை. ஒன்பது மணிக்குக் கிளம்பினால் பன்னிரண்டுக்குள் போய்விடலாம். சந்தே கூடிவிட்டது. தார்ப்பாயை உருவி எடுத்தார்கள். அப்பா சாமியைக் கும்பிட்டு ஏறிச் சாவியைத் திருப்பினார்.

டிக் என்றது. இன்னொரு முறை திருப்பினார். அந்த டிக்கும் இல்லை.

நேற்றுக் காலையில் அந்த லைட் குச்சியை நான் திருகினேனே, திருப்பி அணைத்தேனா? எவ்வளவு யோசித்தும் அணைத்ததாக நினைவு வரவில்லை. பதினோரு வருஷம் கழித்து அம்மா தன் வீட்டுக்குப் போகிற நாளை நான் கெடுத்துவிட்டேன். ஓடிப்போய்ச் சொல்லிவிடவும் தோன்றியது, சந்தை விட்டே ஓடிவிடவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் கோலத்தின் ஓரத்தில் நின்றேன்.

"ஏனாயித்து?" என்று எதிர்வீட்டு அங்கிள் கன்னடத்தில் விசாரித்தார். "ஒண்ணும் இல்ல அங்கிள், குளிரு. பேட்டரி டவுன்" என்று சித்தப்பா பதில் சொல்லிவிட்டு, தன் குட்டி லாரியை ரிவர்ஸில் கொண்டுவந்து காரின் பக்கத்தில் ஒட்டி நிறுத்தினார். சீட்டுக்கடியிலிருந்து இரண்டு கேபிள்களை எடுத்தார். லாரி பேட்டரியிலிருந்து கார் பேட்டரிக்கு கரண்ட் கொடுத்து எழுப்ப வேண்டும். பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ். "அஞ்சு நிமிசம் அண்ணி, நீங்க பையைத் தூக்கிக்கினு வந்து குந்துங்க" என்று வீட்டுப் பக்கம் பார்த்துக் கத்தினார். அம்மா வாசற்படிக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பானெட்டைத் திறந்தால், ஒரு மாதத்துச் சந்தனம் காய்ந்து பேட்டரியின் மேல் ஓடு கட்டியிருந்தது. பிளஸ் மைனஸ் குறியெல்லாம் அதற்கடியில். ஒயர்கள் இரண்டும் ஒரே அழுக்கு நிறம். முனைகளில் பச்சையாகப் பூத்திருந்தது. ஆனால் ஒரு முனை மட்டும் செக்கச்செவேலென்று இருந்தது.

"செவப்பு இருக்குது பாரு, இதான் பிளஸ்ஸு" என்றார் சித்தப்பா. "ணா, சரிதான?"

அப்பா டிரைவர் சீட்டில் இருந்தார். வேறு நாளாக இருந்தால் இறங்கி வந்து, சந்தனத்தைச் சுரண்டி, நான்கு முறை பார்த்து, தம்பியை நான்கு திட்டுத் திட்டிய பிறகுதான் கேபிளைத் தொடவே விடுவார். அன்று அவர் நிமிரவில்லை. அந்த லைட் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கார் ஜன்னல் ஓரமாக வந்து நின்றேன், எனக்கும் தெரிந்தது. குச்சி திருகியபடியே இருந்தது. அதன் நுனியில் மஞ்சளாக ஒரு விரல் தடம். பூஜை மஞ்சளாக இருக்கும் என்று நினைத்தேன். அப்பா மெதுவாக அதைத் திருப்பி அணைத்தார். பிறகு கட்டைவிரலால் அந்த மஞ்சளைத் தேய்த்தார். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தார். பண்டிகை நாளில்கூட வண்டியைத் துடைக்கிறாரே என்றுதான் எனக்குப் பட்டது.

"ணா, குடுக்கவா?"

"ம்" என்றார் அப்பா.

பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். நீல நெருப்புப் பொறி பானெட் உயரத்துக்குத் தெறித்தது. சித்தப்பா பின்பக்கமாக எகிறிக் கோலத்தின் நடுவில் விழுந்தார். கேபிள் உருகி, ரப்பர் கருகும் நாற்றமும் புகையும் சந்தை மூடின. யாரோ, "பேட்டரி வெடிக்கும், ஓடு" என்று கத்தினார்கள். அந்தச் செக்கச்செவேல் என் குங்குமம்தான், நான் வைத்தது மைனஸில் என்று அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது.

புகைக்குள் முதலில் ஓடிவந்தது அம்மா. கையில் கரண்டி, கரண்டியில் பொங்கல். சித்தப்பாவைத் தாண்டி, என்னையும் தாண்டிப் போய், கார்க் கதவைத் திறந்து அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உங்களுக்கு ஒண்ணும் ஆவலையே? என்னங்க, ஒண்ணும் ஆவலையே?" தெருவில் அப்பாவைத் தொட்டுக்கூடப் பேசாதவள், அத்தனை பேருக்கு நடுவில் அவர் தோளில் தலையை முட்டிக்கொண்டு, "ஐயோ, நான் இதுக்காவவா..." என்று அழுதாள். அப்பா அவள் முதுகைத் தட்டி, "ஒண்ணும் இல்ல. வண்டிதான போச்சு, வுடு" என்றார்.

சித்தப்பாவுக்கு உள்ளங்கையில் ஒரு கொப்புளம், வேட்டி நிறையக் கோலமாவு. காரில் பெரிய ஃபியூஸும் இன்னும் என்னென்னவோவும் போயிருந்தன. பண்டிகை நாளில் எந்த மெக்கானிக்கும் வரமாட்டான். "டிரெய்ன்ல போயிடலாமே ணா" என்றார் சித்தப்பா. அப்பா அம்மாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு மாமாவுக்குப் போன் செய்து, வண்டி மக்கர், வர முடியவில்லை என்று இரண்டே வார்த்தையில் முடித்தார். இந்த முறை உட்கார்ந்துகொண்டே பேசினார். அம்மா அன்று மூன்று தரம் சர்க்கரைப் பொங்கல் பரிமாறினாள். அழுது வீங்கிய முகத்தோடு அவள் அத்தனை லேசாக நடமாடியதைப் பார்த்து, அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நான் பயந்தேன்.

பிறகும் நாங்கள் கேஜிஎஃப் போகவில்லை. கார் சரியாகி ஓடியது, திருப்பதி போனோம், மைசூர் போனோம். மாமாவும் இரண்டொரு தடவை கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் அப்பாவே ஏதாவது காரணம் சொன்னார்.

எனக்கு இருபத்திரண்டு வயதில் அப்பா அதே காரில் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். முதல் நாள், "எறங்கும்போது லைட்டப் பாரு" என்றார். நான் அந்தக் குச்சியைப் பார்த்தேன். பார்த்தபடியே இருந்துவிட்டேன். வண்டிப் பூஜை அன்று எங்கள் கையில் இருந்தது சந்தனமும் குங்குமமும்தான். மஞ்சள் இல்லை. மஞ்சள் குழைத்து வீட்டு நிலைப்படிக்குப் பூசியது போகி அன்று மத்தியானம். பூசியது அம்மா.

பொங்கல் அன்று இரவு நான் அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருந்தேன். சாவி எடுத்தது, ஓட்டி விளையாடியது, விளக்கை அணைத்தேனா இல்லையா என்று தெரியாதது, குங்குமம். விக்கி விக்கி அழுதேன். அப்பா என் மூக்கைத் துடைத்துவிட்டார். "நீ இல்ல பாப்பா. நீ அணைச்சுட்டுத்தான் வந்துருப்ப" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த லைட்டுப் பேச்சை மட்டும் அம்மாகிட்ட எடுக்காத. என்னைக்கும் எடுக்காத" என்றார்.

நான் சரி என்று தலையாட்டினேன். அம்மாவின் அடியிலிருந்து என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்து, அவரைக் கட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.