கோட்டுக்குள் நிற்காத கால்

அக்கா முதற்பிள்ளைப்பேற்றுக்காக உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவவுக்கு ஏழு மாதம். எங்கள் குளிப்பிடம் கிணற்றடியில் கிடுகால் கட்டிய மறைப்பு, கூரை இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு நொச்சியிலை அவித்த தண்ணீர் வார்க்கும்போது காற்றுப் படக்கூடாது என்று அம்மா சொன்னவா. அதனால் பிள்ளை பிறக்குமுன் கல்லால் கட்டி, தகரம் போட்ட அறை ஒன்று வேண்டும். நெல் விற்ற காசில் ஐயா மகளுக்காக அதற்கென்று ஒரு பங்கை எடுத்து வைத்தார். திட்டம் போடுவது என் பொறுப்பு. பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் வீட்டில் நான் ஒருவன்தான்.

கிளிநொச்சிக்குச் சைக்கிளில் போய் விலை கேட்டு வந்து, கட்டம் போட்ட கொப்பியில் வரைந்தேன். ஐந்தடிக்கு நாலடி. கல், சீமெந்து, தகரம், கதவு, கூலி. கடைசி வரியில் ஒரு தண்ணீர்த் தொட்டியும், தலைக்கு மேலிருந்து தண்ணீர் கொட்டும் சவரும். படித்த காலத்தில் விடுதியில் அப்படித்தான் குளித்தனான். கூட்டிப் பார்த்தால் காசு மட்டுமட்டாக வந்தது.

கட்ட வந்த மேசன் அண்ணை கொப்பியைக் கையில் வாங்கவேயில்லை.

"நிலத்தில கீறிக் காட்டும் தம்பி."

சாம்பலால் கோடு போட்டேன். அம்மா கோட்டுக்குள் பலகை போட்டு அக்காவை இருத்தினா. பக்கத்தில் தண்ணீர்க் கிடாரம். பின்னால் பிடித்துக்கொள்ள மாமி. தண்ணீர் வார்க்க அம்மா வந்து நின்றபோது ஒரு கால் கோட்டுக்கு வெளியே.

"சுவருக்குள்ளாலயோ நான் தண்ணி வாக்கிறது?"

"எடேய், இது ஆர் குளிக்கிறதுக்கு?" என்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா.

உண்மைதான். நான் அளந்தது, தனியே நின்று குளிக்கிற என்னை.

ஏழுக்கு ஐந்தாக்கினேன். கல்லும் கூடியது, சீமெந்தும் கூடியது. "தகரத்தைக் குறைப்பமோ?" என்று கேட்டேன்; அம்மா பார்த்த பார்வையில் அந்தக் கதையை விட்டேன். தொட்டியையும் சவரையும் வெட்டினேன். அப்படியும் கதவு வாங்குமளவுக்குக் காசு காணவில்லை.

"உன்ர அறைக் கதவைக் கழட்டு," என்றா அக்கா. "சோதினை முடிஞ்சுதுதானே. இனி என்னத்தைப் பூட்டிவைச்சுப் படிக்கப் போறாய்?"

மேசன் அண்ணை அப்போதே போய் அதை அளந்து பார்த்தார். நான் திருப்புளி எடுக்கப் போனேன்.

பூச்சு முழுதாய்க் காயுமுன்னரே பிள்ளை பிறந்துவிட்டது. முதல் தண்ணீர் வார்த்த அன்று கிடாரத்தை நானும் ஐயாவும் தூக்கிப்போய் உள்ளே வைத்தோம். அக்கா, அம்மா, மாமி மூன்று பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். என்னால் பேசாமல் நிற்க முடியவில்லை.

"அம்மா, இடம் காணுமோ?"

"காணும், காணும். நீ அங்கால போ!"