வெளிச்சத்தை மறைக்காமல் நின்றவள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். வடக்கனந்தலில் எங்கள் தெருவில் யாருக்காவது காத்து கருப்பு அடித்துவிட்டது என்றால், முதலில் போய் ரத்தப் பரிசோதனை பண்ணுங்கள் என்று வாயை அடைக்கிற ஆள் நான்தான்.

என் வீட்டுக்காரருக்குக் கல்வராயன் மலையில் பள்ளிக்கூட வேலை. தலைப்பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, அடுத்த வாரம் அம்மா வீட்டுக்கு இறங்கிவிடலாம் என்றிருந்தோம். அதற்குள் ஒருநாள் மத்தியானம் வலி வந்துவிட்டது. விடாத மழையில் பாதையில் மண் சரிந்து, கீழிருந்து வந்த ஆம்புலன்ஸ் பாதியிலேயே நின்றுவிட்டது. பக்கத்திலிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்கு அவர் என்னைத் தாங்கிக் கூட்டிப்போனார். டாக்டர் இல்லை, கரண்ட் இல்லை, எஸ்தர் சிஸ்டர் மட்டும் இருந்தார்.

அப்படி ஒரு நிதானத்தை நான் பார்த்ததே இல்லை. நான் செத்துப்போயிடுவேன் என்று கத்துகிறேன், அவர் பாட்டுக்கு ஜன்னல் கம்பியில் செல்போன் டார்ச்சைக் கட்டிக்கொண்டே காலையில் என்ன சாப்பிட்டாய் என்று விசாரிக்கிறார். என் வீட்டுக்காரரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். உள்ளே நாங்கள் இரண்டு பேர்தான், இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கச் சொன்னபோது என் வயிற்றின்மேல் ஒரு நிழல் விழுந்திருந்தது. சிஸ்டர் தலையைத் தூக்கி, என் இடது பக்கம், வெறும் சுவரைப் பார்த்து, சத்தம் போடாமல் சொன்னார்.

"கொஞ்சம் நவுந்து நில்லும்மா. வெளிச்சத்த மறைக்காத."

நிழல் விலகியது.

பிள்ளை பிறந்து அழுதாள். நான் சந்தோஷப்படுவதற்குள் ரத்தம் நிற்காமல் போக ஆரம்பித்தது. காது அடைத்தது, பிள்ளையை வாங்கக் கை எழவில்லை. பிள்ளையைப் படுக்கவைக்கும் தொட்டில் அறையின் அந்தக் கோடியில் இருந்தது. சிஸ்டர் அங்கே போகவே இல்லை. தொப்புள்கொடியை வெட்டிவிட்டு, பிள்ளையை இடது பக்கமாக நீட்டி, "புடி, பத்தரம்" என்றார். கையை எடுத்துக்கொண்டார். பிள்ளை கீழே விழவில்லை. அழுகை அந்தப் பக்கத்திலிருந்தே, ஓர் ஆள் மார்பு உயரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. சிஸ்டர் ஊசி போட்டுவிட்டு, என் அடிவயிற்றை இரண்டு கையாலும் கல் மாதிரி இறுகும்வரை அமுக்கித் தேய்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் எனக்கு நினைவில்லை.

நிழலையும் அழுகை கேட்ட இடத்தையும் மட்டும் சொன்னேன், ரத்தம் போனதில் புத்தி தடுமாறியிருக்கும் என்பார் என் வீட்டுக்காரர். இருக்கலாம். ஆனால் அவர் உள்ளே வந்தபோது சிஸ்டர் கை இரண்டும் மணிக்கட்டுவரை ரத்தம், என் வயிற்றை விட்டு அவை எடுபடவே இல்லை. தொட்டிலில் பிள்ளை வெள்ளைத் துணியில் அழகாகச் சுற்றிக் கிடந்தாள், துணியில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை. இதைப் பார்த்தவர் அவர்தான்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது சிஸ்டரிடம் யார் அது என்று கேட்டேன். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"நான் இங்க வர்றதுக்கு முன்ன, அதே கட்டில்ல, புள்ளையோட போனவ. கை சும்மா இருந்தா பெத்தவ பக்கமா வருவா. அதான் ஒரு வேல குடுத்தேன்."

பிறந்த பிள்ளையை முதலில் யார் கையில் வாங்குகிறார்களோ அவர்கள் குணம்தான் வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மாமியார் கேட்டார், நர்ஸம்மாதான் வாங்கினார் என்றேன். அந்த அறையில் சிஸ்டர் பேசிய ஒரு வார்த்தையைக்கூட வீட்டில் யாரிடமும் நான் சொன்னதில்லை. இன்றைக்கு உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

மகள் இப்போது பால்வாடிக்குப் போகிறாள். போன மாதம் எனக்குக் காய்ச்சல், பகலிலேயே படுத்துக் கிடந்தேன். கண் விழித்தால், கட்டிலுக்கு இடது பக்கம், சுவரோடு ஒட்டி, இரண்டு கையையும் ஏந்தினாற்போல் நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

இன்னாடி பண்ற அங்க என்று கேட்டேன்.

"வெளிச்சத்த மறைக்காம நிக்கறேம்மா" என்றாள்.